கொடைக்கானலுக்கு இ-பாஸ்... கோலாலம்பூருக்கு விசா வேண்டாம்! நாலு நாள் ட்ரிப்புக்கு என்னவெல்லாம் ரெடி பண்ணணும்?

"அக்கா, கொடைக்கானல் போறதுக்கே இ-பாஸ் கேக்குறாங்க. மலேசியாவுக்கு விசாவே வேணாமாம்ல? அப்ப பேசாம அங்கிட்டே போயிரலாமா?"

நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு தம்பி சிரிச்சுக்கிட்டே கேட்ட கேள்வி இது. கேட்கும்போது காமெடியாத்தான் இருந்தது. ஆனால், யோசிச்சுப் பார்த்தா அவர் சொன்னதில் தப்பே இல்லை. கோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேணும். இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று மலேசியா சொன்னது 2023 டிசம்பர் 1 முதல். இப்போது அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் போடும் முன்னாடி இந்தத் தேதியை ஒருமுறை செக் பண்ணிக்கோங்க.

சிங்கப்பூர், பாங்காக்கை விட்டுட்டு ஏன் கோலாலம்பூர்? சிங்கப்பூருக்கு விசா வேணும், ரூம் வாடகையும் கண்ணைக் கட்டும். பாங்காக் அருமையான ஊர்தான், ஆனால் அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டு முதல் தடவையா வெளிநாடு போறவங்களுக்கு மொழியும் சாப்பாடும் கொஞ்சம் சிரமம். கோலாலம்பூருக்கு திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கு, சுமார் நாலு மணி நேரம்தான். இறங்கினா தமிழ் பேசலாம், இலை போட்டுச் சாப்பிடலாம். ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறி, ஒரு வாரம் கடலில் கிடந்து பினாங்கில் இறங்கினவங்களோட பேரன் பேத்திகள்தான் அங்கே உங்களுக்கு டீ ஆத்தித் தரப் போறாங்க.

நானும் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய் வந்தேன். அம்மா பூக்கட்டுறவங்க. சீட்டு எடுத்த காசில் பாதி, என் சம்பளத்தில் பாதி. அதனால ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு இருந்தது. எங்கே சுத்திப் பார்க்கிறதுன்னு ரீல்ஸ் பார்த்தே தெரிஞ்சுக்கலாம். ரீல்ஸில் வராத விஷயம், கோலாலம்பூர் ஏர்போர்ட்டில் இருக்கிற இமிக்ரேஷன் கவுன்டர். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

'விசா வேண்டாம்'னா 'உள்ளே விடுவாங்க'ன்னு அர்த்தம் இல்லை!

விசா இல்லைன்னா, முன்னாடி தூதரகத்தில் நடக்க வேண்டிய விசாரணை இப்போ ஏர்போர்ட் கவுன்டரில் நடக்குது. அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே விடுறதும் திருப்பி அனுப்புறதும் அங்கே உட்கார்ந்திருக்கிற அதிகாரியோட முடிவு. சுற்றுலாவுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு அவருக்குப் புரியணும். திருச்சியிலிருந்து போய், அங்கே ஏர்போர்ட்டைத் தாண்டாமலே திரும்பி வந்த பசங்க கதையை நம்ம பக்கத்தில் விசாரிச்சா நிறையவே கேட்கலாம். டிக்கெட் காசு போச்சு, ரூம் புக்கிங் காசு போச்சு, வீட்டில் மானமும் போச்சு.

கையில் என்ன இருக்கணும்?

பாஸ்போர்ட் குறைஞ்சது ஆறு மாசம் செல்லுபடியாகணும். இன்னும் எடுக்கலைன்னா, நம்ம மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கீழே வருது. 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல்னா கூடுதலா 2,000. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வரும்போது நீங்க வீட்டில் இருக்கணும்கிறதால, ட்ரிப்புக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே விண்ணப்பிச்சிடுங்க.

பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே டிக்கெட்டிலும் இருக்கணும். இனிஷியல் விஷயத்தில் நம்ம ஆட்கள் தடுக்கி விழுறது இங்கேதான். இனிஷியலை விரிச்சு அப்பா பெயரா எழுதியிருந்தா, டிக்கெட்டிலும் அப்படியே போடுங்க.

அடுத்தது இ.சி.ஆர். பத்தாவது பாஸ் சான்றிதழ் கொடுக்காமல் எடுத்த பாஸ்போர்ட்டில் இந்த முத்திரை இருக்கும். வேலைக்குப் போகும்போது இந்திய அரசின் குடிப்பெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளோட பட்டியலில் மலேசியாவும் உண்டு. சுற்றுலா போறவங்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால், இந்த முத்திரை இருந்தா நம்ம ஏர்போர்ட்டிலேயே ரெண்டு கேள்வி கூடுதலா கேட்பாங்க. 50 வயசைத் தாண்டினவங்களுக்கு இந்த முத்திரை தேவையில்லை. எங்க அம்மா எட்டாவதுதான் படிச்சவங்க, ஆனால் வயசு 52ங்கிறதால அந்தத் தொல்லை இல்லாமப் போச்சு.

அதுக்கப்புறம் எம்.டி.ஏ.சி. மலேசியா டிஜிட்டல் வருகை அட்டை. 2024 ஜனவரியிலிருந்து கட்டாயம். இதை மலேசியாவோட இ-பாஸ்னு வெச்சுக்கோங்க! போய் இறங்குற நாளுக்கு முந்தைய மூணு நாளுக்குள்ள, மலேசிய இமிக்ரேஷன் துறையின் சொந்தத் தளத்தில் நிரப்பணும். கட்டணம் கிடையாது. கூகுள் பண்ணும்போது மேலே வரும் சில தளங்கள் இதுக்கே ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும். அது ஏஜென்ட் வேலை, அந்தப் பக்கம் போகாதீங்க. வீட்டில் எத்தனை பேர் போறீங்களோ அத்தனை பேருக்கும் தனித்தனியா நிரப்பணும்.

ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், பணம் இருக்கிறதுக்கான ஆதாரம் மூணையும் பிரின்ட் எடுத்து ஒரு ஃபைலில் போட்டுக்கோங்க. "மொபைல்லயே இருக்கே"ன்னு நினைக்காதீங்க. இறங்கினவுடன் சிம் வேலை செய்யாது, சார்ஜ் இருக்காது, வரிசையில் பின்னாடி இருநூறு பேர் நிற்பாங்க. அந்த நேரத்தில் ஒரு பேப்பர் பத்து நிமிஷத்தை மிச்சம் பண்ணும். நாலு நாள் பிளானை ஒரே பக்கத்தில் எழுதி அதையும் வெச்சிருந்தேன். எங்ககிட்ட கேட்டது மூணே கேள்வி. எத்தனை நாள், எங்கே தங்குறீங்க, ரிட்டர்ன் எப்போ? ஃபைலை நீட்டினேன், முத்திரை விழுந்தது.

எங்களுக்கு முன்னாடி நின்ன பையனுக்கு 21, 22 வயசு இருக்கும். நம்ம பக்கத்துப் பேச்சு. வரிசையில் நிற்கும்போதே அம்மாகிட்ட சொல்லிட்டான், "மாமா ஒருத்தர் ரெஸ்டாரன்ட்ல வேலை சொல்லியிருக்காரு. இங்க வந்ததும் பெர்மிட் மாத்திக்கலாம்னாங்க. கேட்டா டூரிஸ்ட்னு மட்டும் சொல்லச் சொன்னாங்க." கவுன்டரில் எந்த ஹோட்டல்னு கேட்டதும் திணறினான். ஒரு காவலர் வந்து ஓரமா இருந்த அறைக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். நாங்க பெட்டி எடுத்து வெளியே வர்ற வரைக்கும் அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தாங்க. அவன் வரலை.

அதனால இதைத் தனியாவே சொல்லிடுறேன். 'டூரிஸ்ட்டா போ, அங்க போய் மாத்திக்கலாம்'னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. விசா இல்லாமல் உள்ளே போனவர் அங்கே வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம். 30 நாளைத் தாண்டித் தங்கிட்டா ஆயிரக்கணக்கான ரிங்கிட் அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறைன்னு மலேசிய இமிக்ரேஷன் சட்டம் சொல்லுது. வேலைக்குப் போறதா இருந்தா, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'இமைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்தானான்னு முதல்ல பாருங்க. அதே மாதிரி, தெரிஞ்சவங்க ஒரு பார்சல் கொடுத்து, "அங்க ஒருத்தர் வந்து வாங்கிக்குவாரு"ன்னு சொன்னா, சொந்தக்காரராவே இருந்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க. போதைப்பொருள் வழக்கில் மரண தண்டனை வரைக்கும் போகிற நாடு அது.

டிக்கெட், திருச்சி, ஏழு கிலோ

திருச்சியிலிருந்து ஏர் ஏசியா, பாத்திக் ஏர் ரெண்டும் கோலாலம்பூருக்குப் பறக்குது. பொங்கல், தீபாவளி, தைப்பூசம், ஸ்கூல் லீவு நாட்களில் விலை எங்கேயோ போயிடும். ரெண்டு மாசம் முன்னாடி, வாரத்தின் நடு நாளில் பார்த்தா, போக வர ஒருத்தருக்கு 15,000 ரூபாய்க்குள்ள அமையுறதுக்கு வாய்ப்பு அதிகம். குறைஞ்ச விலை டிக்கெட்டில் கைப்பை ஏழு கிலோ மட்டும்தான், பெரிய பெட்டிக்குத் தனிக்காசு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டிக்கு, அதுவும் டிக்கெட் போடும்போதே காசு கட்டிடுறது நல்லது. ஏர்போர்ட்டில் கட்டினா விலை வேற.

நள்ளிரவை ஒட்டிய விமானமா? தேதியை நல்லாப் பாருங்க. 12-ம் தேதி 00.20ன்னு போட்டிருந்தா, நீங்க 11-ம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்டில் இருக்கணும். ஒருநாள் லேட்டா போய் நின்னு அழுதவங்க உண்டு.

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போய், அங்கேயிருந்து மணப்பாறை வழியா திருச்சி பஸ். இல்லைன்னா கொடை ரோடு ஸ்டேஷனில் வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்டில் இருக்கு. 2024 ஜூனிலிருந்து புது டெர்மினல் செயல்படுது, பளபளன்னு இருக்கு. விமானத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடியே அங்கே இருக்கிற மாதிரி கிளம்புங்க.

ரூம் எங்கே? ஒரே கோட்டில்!

கோலாலம்பூர் பிளானிங்கோட சூட்சுமமே இதுதான். 'கே.எல். சென்ட்ரல்'னு ஒரு பெரிய ரயில் நிலையம் இருக்கு. அதை ஒட்டி பிரிக்ஃபீல்ட்ஸ், அதாவது லிட்டில் இந்தியா. ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால் வந்த பேர். ரூமை இங்கே போடுங்க.

ஏன்னா, ஏர்போர்ட் பஸ் வந்து நிற்கிறது கே.எல். சென்ட்ரலில். பத்துமலை ரயில் கிளம்புறதும் அங்கேதான். அங்கிருந்து கெலானா ஜெயா எல்.ஆர்.டி. லைனில் ஏறினா முதல் ஸ்டாப் பசார் செனி (மாரியம்மன் கோயில், சைனா டவுன்), அடுத்தது மஸ்ஜித் ஜமேக் (மெர்டேக்கா சதுக்கம், மஸ்ஜித் இந்தியா கடைவீதி), இன்னும் மூணு ஸ்டாப் தள்ளி கே.எல்.சி.சி. (இரட்டைக் கோபுரம்). வண்டி மாறவே வேண்டாம். 'சிட்டி வியூ, ஸ்விம்மிங் பூல்'னு ஊருக்கு வெளியே ரூம் போட்டவங்க, மிச்சம் பிடிச்ச காசை டாக்ஸிக்குக் கொடுத்துட்டு வருவாங்க.

இன்னொண்ணு, ஹோட்டலில் செக்-இன் பண்ணும்போது ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியா கேட்பாங்க. ஏமாத்துறாங்கன்னு சண்டை போடாதீங்க. வெளிநாட்டுப் பயணிகளுக்கு அரசாங்கம் போட்ட வரி அது.

ஏர்போர்ட்டிலிருந்து ஊர் சுமார் 55 கிலோமீட்டர். கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுவந்து விடும், ஆனால் ஒருத்தருக்கு 55 ரிங்கிட். பஸ்ஸில் 15 ரிங்கிட் அளவுதான், ஒரு மணி நேரம் ஆகும். பஸ்ஸே போதும். நாலு பேரா போனா 'கிராப்' ஆப்பில் கார் புக் பண்றது ரயிலைவிட லாபம்.

நாலு நாள் எப்படிப் பிரிக்கலாம்?

இறங்கின அன்னிக்கு எதுவும் வேண்டாம். ராத்திரி விமானத்தில் வந்த உடம்பு, போதாக்குறைக்கு நம்ம நேரத்தைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுற ஊர். தூங்கி எழுந்து, சாயங்காலம் கே.எல்.சி.சி. பூங்காவுக்குப் போங்க. 88 மாடி, 452 மீட்டர் இரட்டைக் கோபுரம் விளக்குப் போட்டதும் அப்படியே வெள்ளிக்கட்டி மாதிரி நிற்கும். எதிர்த்தாப்பல நீரூற்று ஷோ, காசு கிடையாது. கோபுரத்துக்கு மேலே ஏற ஒருத்தருக்கு 100 ரிங்கிட் பக்கம் ஆகும், திங்கள்கிழமை லீவு. என்னைக் கேட்டா, ஏற வேண்டாம். மேலே ஏறிட்டா கோபுரம் தெரியாது!

மறுநாள் பத்துமலை. காலையில் முதல் வேலையா போயிடுங்க. எட்டு மணிக்குள் போனா வெயிலும் கிடையாது, டூரிஸ்ட் பஸ் கூட்டமும் கிடையாது. கே.எல். சென்ட்ரலில் கே.டி.எம். கம்யூட்டர் ரயில், மூணு ரிங்கிட்டுக்குள்ள டிக்கெட், முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ரயில் அடிக்கடி கிடையாது, அதனால திரும்பி வர்ற நேரத்தை இறங்கும்போதே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

இந்தக் குகையில் 1891-ல் முருகனை வெச்சவர் தம்புசாமிப் பிள்ளை. அடுத்த வருஷத்திலிருந்து தைப்பூசம் நடக்குது. வாசலில் நிற்கிற தங்க நிற முருகன் 42.7 மீட்டர், 2006-ல் திறந்தாங்க. உலகத்திலேயே உயரமான முருகன்னு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தாங்க, 2022-ல் நம்ம சேலம் புத்திரகவுண்டன்பாளையத்து முத்துமலை முருகன் அதைத் தாண்டிட்டார். 272 படிக்கும் 2018-ல் வானவில் மாதிரி பெயின்ட் அடிச்சாங்க, 'இன்ஸ்டா'வில் நீங்க பார்த்தது அதுதான். பழனி ஏறிப் பழகின காலுக்கு இந்தப் படி பெரிய விஷயமே இல்லை. அம்மா எனக்கு முன்னாடி ஏறிட்டாங்க. முட்டிக்கு மேலே ஏறுற டிரஸ் போட்டா பெண்களை விட மாட்டாங்க, கீழேயே துணி வாடகைக்கு வாங்கிக் கட்டிக்கிட்டு ஏறணும். கையில் பிளாஸ்டிக் கவர் வெச்சிருந்தா குரங்கு உங்களைத் தேடி வரும். குகைக்குள்ள முருகனைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

மூணாவது நாள் பழைய ஊர். பசார் செனியில் இறங்கினா நடக்கிற தூரத்தில் மகாமாரியம்மன் கோயில். 1873-ல் உண்டானது, இதுவும் தம்புசாமிப் பிள்ளை ஆரம்பிச்சதுதான். தைப்பூசத்துக்கு வெள்ளித்தேர் பத்துமலைக்குக் கிளம்புறது இங்கிருந்து. பக்கத்திலேயே பெட்டாலிங் ஸ்ட்ரீட், சென்ட்ரல் மார்க்கெட். பேரம் பேசலாம், பேசணும். அப்படியே நடந்தா ரெண்டு ஆறு சேருற இடத்தில் 1909-ல் கட்டின மஸ்ஜித் ஜமேக். 'கோலாலம்பூர்'ங்கிற பேருக்கே 'சேறு கலந்த கூடல்'னுதான் அர்த்தம். ஆத்தைத் தாண்டினா மெர்டேக்கா சதுக்கம். 1957 ஆகஸ்ட் 31-ல் சுதந்திரம் பிறந்த ராத்திரி, பிரிட்டிஷ் கொடியை இறக்கினது இங்கேதான். சாயங்காலம் பெரும்பாலும் மழை வரும், குறிப்பா ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும். அதனால நடக்கிற வேலையை எல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க.

நாலாவது நாளைக் காலியாவே விடுங்க. ஏஜென்ட்கள் கெந்திங் மலை, மலாக்கான்னு ஒரே நாளில் திணிப்பாங்க. ரெண்டுமே நல்ல இடம்தான், ஆனால் நாலு நாள் ட்ரிப்புக்கு வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸிலேயே சும்மா நடந்தோம். அங்கே வரிசையா பூக்கடை. ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா ஒரு பந்து மல்லிகையைப் பெட்டியில் வைக்கப் பார்த்தாங்க, நான்தான் எடுத்து வெளியே வெச்சேன் (பூ, பழம், செடி, இறைச்சிக்கெல்லாம் அங்கே கட்டுப்பாடு இருக்கு). அந்த வருத்தம் மனசிலேயே இருந்திருக்கு. நேரா ஒரு கடைக்குப் போய் ஒரு முழம் என்ன விலைன்னு கேட்டு, ரிங்கிட்டை ரூபாயா மாத்திப் பார்த்துட்டு, "எத்தா, இம்புட்டா? நம்ம மார்க்கெட்ல கிலோவே..."ன்னு ஆரம்பிச்சாங்க. கடைக்கார அக்கா சிரிச்சுட்டாங்க. பூ எங்கிருந்து வருதுன்னு கேட்டேன். "மதுரைப் பக்கம்லா, பிளேன்ல வருது." அம்மா அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து அந்த அக்காவுக்குப் பூக்கட்டிக் கொடுத்துட்டுத்தான் எழுந்தாங்க. ட்ரிப் முழுக்க நான் எடுத்ததில் நல்ல போட்டோ அதுதான்.

காசு கணக்கு

ஒரு ரிங்கிட்டுக்கு 22 ரூபாய்னு வெச்சுக் கணக்குப் போடுறேன், போற அன்னிக்கு ரேட் பார்த்துக்கோங்க. ரெண்டு பேர், நாலு ராத்திரி. ரூம் வரியோட சேர்த்து 560 ரிங்கிட். சாப்பாடு ரெண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு 80 வீதம் 320. ஏர்போர்ட் பஸ், உள்ளூர் ரயில், ரெண்டு மூணு கிராப் சேர்த்து 150. டிக்கெட், சின்னச் சின்ன ஷாப்பிங் 200. மொத்தம் 1,230 ரிங்கிட், சுமார் 27,000 ரூபாய். விமானம் ரெண்டு பேருக்கு 30,000. ஆக 57,000. இதுக்கு மேலே 10,000 ரூபாயைத் தொடாத காசா வெச்சுக்கோங்க. டிராவல் இன்ஷூரன்ஸ் சில நூறு ரூபாய்தான், அதை மிச்சம் பிடிக்காதீங்க.

ஜிபே கைகொடுக்கும்னு நம்பிப் போகாதீங்க. பாதிப் பணத்தை ஊரிலேயே ரிங்கிட்டா மாத்தி ரெண்டு பேர் பையிலும் பிரிச்சு வெச்சுட்டு, மீதிக்கு ஃபாரெக்ஸ் கார்டு. அங்கே போனதும் 'டச் அண்ட் கோ' கார்டு வாங்கிட்டா ரயில், பஸ் எல்லாத்துக்கும் தட்டிட்டே போகலாம்.

சாப்பாட்டைப் பத்திக் கவலையே வேண்டாம். ரொட்டி சானாய் நம்ம பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, பருப்புக் குழம்போட வரும். தே தாரிக் நம்ம ஆத்துற டீயேதான், பால் கொஞ்சம் தூக்கலா இருக்கும். ரெண்டும் சேர்த்து அஞ்சாறு ரிங்கிட்டில் காலை டிபன் முடிஞ்சிடும். பார்சலுக்கு 'தாபாவ்'னு சொல்லணும். போர்டில் 'கெடாய்'னு பார்த்தா கடை, நம்ம ஊர்லேருந்து போன வார்த்தைதான். 'கெலுவார்'னா வெளியே போற வழி, 'தன்டாஸ்'னா கழிப்பறை. கடைசி வார்த்தையை மட்டும் அம்மாவுக்கு முதல்நாளே சொல்லிக் கொடுத்துட்டேன்.

சார்ஜருக்கு மூணு சதுரக் கால் இருக்கிற பிரிட்டிஷ் பிளக் வேணும், திருச்சியிலேயே அடாப்டர் வாங்கிக்கோங்க. திரும்பி வரும்போது உங்க விமானம் டெர்மினல் 1-ஆ 2-ஆன்னு டிக்கெட்டில் பார்த்துட்டு பஸ் ஏறுங்க. ஏர் ஏசியா கிளம்புறது டெர்மினல் 2-லிருந்து. மாத்தி இறங்கிட்டா நடந்து போக முடியாது, அடுத்த ரயிலையோ பஸ்ஸையோ பிடிச்சுத்தான் வரணும்.